கெட்டிப் பனிக்கு 76-ஆ, 82-ஆ, 88-ஆ? ஸ்கீ வாங்கும் முன் ஒரு கேள்வி

திருநகர் பனி – நவம்பர் 9

வணக்கம். மதுரை திருநகரிலிருந்து எழுதுகிறேன். வயது 36, உயரம் 162 செ.மீ., எடை 58 கிலோ. ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குப் பலகை, பற்றி யாரிடம் பேசினாலும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நான் பழகியது ஔலியில், ஜோஷிமட்டுக்கு மேலே, 7 நாள் பயிற்சியில். அது எட்டு வருடத்துக்கு முன்பு. அப்புறம் அக்கா குடும்பம் மியூனிக் போய்விட்டதால், ஜனவரியில் விடுப்பு கிடைக்கிற வருடமெல்லாம் அங்கே போகிறேன். மியூனிக்கிலிருந்து கார்மிஷ் என்ற பனிச்சறுக்கு ஊர் 90 கிலோமீட்டர்தான். இதுவரை மொத்தம் 31 நாள் பனியில் நின்றிருக்கிறேன். என்ன பனி, என்ன பலகை, எங்கே விழுந்தேன் என்று ஒவ்வொரு நாளும் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். வருடம் முழுக்க இங்கே வெயிலில் காத்திருந்து கிடைக்கிற எட்டுப் பத்து நாளை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை.

பிரச்சினை இதுதான். காலை ஒன்பது மணிக்கு நான் நன்றாகவே ஓட்டுகிறேன். இரவில் இயந்திரம் ஓட்டிச் சமன் செய்த சரிவு சீப்பால் வாரியது போல வரிவரியாக இருக்கும், இரண்டு பலகையும் இணையாக வரும், பயமே இருக்காது. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மேலே கிடந்த பொடியை எல்லாம் ஆட்கள் தேய்த்து ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அடியில் இருக்கும் கெட்டிப் பனி வெளியே வந்துவிடுகிறது, சாம்பல் கலந்த வெள்ளையாக, பளபளவென்று. அங்கேதான் எனக்குப் பலகை பிடிப்பதில்லை. போன ஜனவரியில் கார்மிஷின் ஹவுஸ்பெர்க் சரிவில், கொஞ்சம் செங்குத்தான இடத்தில் திரும்பும்போது, கீழ்க்காலின் பலகை அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இடது இடுப்பில் விழுந்தேன். மூன்று வாரம் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. மதுரைக்கு வந்த பிறகும் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடும்போதெல்லாம் வலித்தது.

அன்று வாடகைக்கு எடுத்தது இடுப்பு, அதாவது பலகையின் நடுவே ஒடுங்கிய இடத்தின் அகலம், 88 மி.மீ. உள்ள பலகை. எல்லாவற்றுக்கும் ஆகும் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

இந்த முறை சொந்தமாக வாங்கப் போகிறேன். அங்கே ஒரு கடையில் போன பருவத்தில் ஓடிய மூன்று ஜோடிகளை மாமா பார்த்து வைத்திருக்கிறார், இடுப்பு 76, 82, 88. மூன்றையும் ஒரு நாள் ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாமாம். மாமா 88-தான் எடு, புதுப் பனி விழுந்தாலும் கைகொடுக்கும் என்கிறார். எனக்கோ விழுந்த நினைவு போகவில்லை. நான் ஓட்டுவதில் பத்தில் ஒன்பது பங்கு சமன் செய்த சரிவில்தான். ஒரே நாளில் மூன்றையும் எப்படி ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரியும்? எதைக் கவனிக்க வேண்டும்? பலகையைக் கையில் வாங்கியதும் என்ன பார்க்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அழகர்மலை – நவம்பர் 9

அக்கா, நான் நாலு முறை குல்மார்க் போய் வந்தவன். உங்கள் மாமா சொல்வதுதான் சரி. 88 எடுங்கள், முடிந்தால் அதற்கு மேலும் போங்கள். குல்மார்க்கில் கேபிள் கார் இரண்டாம் கட்டம் அபர்வட் மலையில் ஏறக்குறைய 3,980 மீட்டரில் இறக்கிவிடும். அங்கிருந்து கீழே இறங்குவது முழுக்க யாரும் சமன் செய்யாத பனி. முழங்கால் ஆழம் விழுந்த மறுநாள் 76-ஐ மாட்டிக்கொண்டு போனால் முனை புதைந்து தலைகுப்புற விழ வேண்டியதுதான். அகலமான பலகை மிதக்கும். ஒரே ஒரு ஜோடிதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் எங்கேயும் போகிற மாதிரி வாங்குங்கள்.

நாகமலைப் பட்டறை – நவம்பர் 10

தங்கச்சி, நீங்கள் விழுந்ததைப் படித்ததும் எனக்கு முதலில் பலகையின் அகலம் தோன்றவில்லை. அந்தப் பலகைக்குக் கடைசியாக எப்போது சாணை பிடித்திருப்பார்கள் என்பதுதான் தோன்றியது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடித்தவர். நான் துருத்தி ஊதி வளர்ந்தவன். பிறகு துபாய் போய், அங்கே உள்ளரங்கப் பனிச்சறுக்கு மையத்தில் வாடகைக் கருவிப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். வெளியே 45 டிகிரி வெயில், உள்ளே பூஜ்ஜியத்துக்குக் கீழே. மிக நீளமான சரிவே 400 மீட்டர்தான். ஆனால் கெட்டிப் பனி என்றால் என்ன என்பதை நான் அங்கேதான் கற்றேன். வானத்திலிருந்து விழும் பனி நட்சத்திரம் போலக் கிளைவிட்டிருக்கும், நடுவே காற்று நிறைய இருக்கும். இயந்திரம் தெளிக்கும் பனி உறைந்த நீர்த்துளி, உருண்டை மணி. நெருக்கி உட்கார்ந்துவிடும். அதையே மறுபடி மறுபடி சமன் செய்தால் சிமெண்டுத் தரை மாதிரி ஆகிவிடும். ஐரோப்பாவிலும் இப்போது பல சரிவுகளில் அடியில் இருப்பது இயந்திரப் பனிதான். பகலில் லேசாக உருகி இரவில் உறைந்தால் இன்னும் கெட்டி. நீங்கள் மத்தியானம் பார்த்த சாம்பல் நிறம் அதுதான்.

அந்தப் பனியில் உங்களைத் தாங்குவது பலகையின் பரப்பு இல்லை, ஓரத்தில் ஓடும் இரும்புப் பட்டைதான். புதுப் பலகையிலேயே அது ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். உங்கள் 58 கிலோவும் அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது. அது மழுங்கி இருந்தால் 76 ஆனாலும் வழுக்கும், 66 ஆனாலும் வழுக்கும்.

அதனால் கடையில் பலகையைக் கையில் வாங்கியதும் முதலில் கட்டைவிரல் நகத்தை அந்த ஓரத்தின் மேல் குறுக்காக வைத்து லேசாக இழுங்கள். நகம் வெள்ளைப் பொடியாகச் சீவி வர வேண்டும். வராமல் வழுவழுவென்று போனால் மழுங்கல். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. முனை, காலுக்கு நேர் கீழே, வால், மூன்று இடத்திலும் இரண்டு பக்கமும் பாருங்கள். வாடகைப் பலகைகளில் காலுக்குக் கீழேதான் அதிகம் தேய்ந்திருக்கும், நமக்கு வேண்டியதும் அந்த இடம்தான். அப்புறம் விரலை நீளவாக்கில் ஓட்டாமல் குறுக்கே தொட்டுப் பாருங்கள். பிசிறு இருந்தால் தட்டும்.

ஓரத்துக்கு இரண்டு கோணம் உண்டு. அடிப்பக்கம் பெரும்பாலும் 1 டிகிரி தூக்கிவிட்டிருப்பார்கள், பக்கவாட்டில் 2 அல்லது 3 டிகிரி உள்ளே சாய்த்திருப்பார்கள். பக்கவாட்டுக் கோணம் கூடினால் கெட்டிப் பனியில் கடி அதிகம், ஆனால் சீக்கிரம் மழுங்கும். அப்பா விறகு வெட்டும் அரிவாளுக்கு வாயைத் தடியாகவும், கதிர் அறுக்கிற அரிவாளுக்கு மெல்லிசாகவும் வைப்பார். அதே கணக்குதான். உங்களுக்கு 1-ம் 2-ம் போதும். கடையில் சாணை பிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்று ஜோடிக்கும் ஒரே கோணத்தில், ஒரே நாளில். இதைச் செய்யாமல் மூன்றையும் ஓட்டிப் பார்த்தால் நீங்கள் அகலத்தைச் சோதிக்கவில்லை, எந்தப் பலகைக்கு யார் கடைசியாக அரம் போட்டார் என்பதைத்தான் சோதிக்கிறீர்கள்.

இப்போது அகலம். பூட்ஸின் அடிப்பகுதி முன்புறம் ஏறக்குறைய 70 மி.மீ. 76 பலகையில் இரும்பு ஓரம் கால் நடுவிலிருந்து 38 மி.மீ. தள்ளி இருக்கும், 88-ல் 44. ஆறு மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். பனி மெத்தென்று இருந்தால் வித்தியாசமே இல்லை, பலகை உள்ளே அமிழ்ந்து முழுப் பரப்பும் தாங்கிக்கொள்ளும். கெட்டித் தரையில் ஓரம் மட்டும்தான் தொடும். அந்த ஆறு மில்லிமீட்டரும் நெம்புகோலாகி உங்கள் கணுக்காலையும் முழங்காலையும் வெளியே திருப்பப் பார்க்கும். அதை எதிர்த்துப் பிடித்துக்கொண்டே இருப்பதுதான் உங்கள் வேலை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாறும் தூரமும் கூடும். அரிவாள்மனையில் அலகுக்குப் பக்கத்தில் மிதித்து உட்கார்ந்தால் ஆடாது, தள்ளி மிதித்தால் ஆடும். பந்தயக்காரர்கள் ஸ்லாலம் என்ற, நெருக்கமான திருப்பங்கள் உள்ள பந்தயத்துக்கு ஏறக்குறைய 65 மி.மீ. இடுப்புள்ள பலகையில் போவது அதனால்தான். நம் குல்மார்க்கின் ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஓடியதும் அப்படிப்பட்ட ஒல்லிப் பலகையில்தான். உங்களுக்கு அவ்வளவு ஒல்லி வேண்டாம், அது மன்னிக்காத பலகை. ஸ்டோக்லி லேசர் ஏஎக்ஸ் 78, ஃபோல்க்ல் டீக்கன் 76, ரோசிக்னோல் எக்ஸ்பீரியன்ஸ் 82 என்று 75-க்கும் 82-க்கும் நடுவே ஒரு வகையே இருக்கிறது. சமன் செய்த சரிவுக்கே முதலிடம், கொஞ்சம் புதுப் பனி வந்தாலும் சமாளிக்கும்.

அழகர்மலை தம்பி சொல்வது குல்மார்க்குக்கு நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் இவர் போவது கார்மிஷ். குல்மார்க் போகும்போது அகலப் பலகையை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டும்.

அகலத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு பலகையையும் அடியோடு அடி சேர்த்து நிறுத்திப் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் அது வில் வளைவு. அழுத்தினால் நேராகி ஓரம் முழுக்கப் பனியில் பதியும், கெட்டிப் பனிக்கு அது வேண்டும். முனைப் பக்கம் எங்கே பிரிய ஆரம்பிக்கிறது என்றும் பாருங்கள். முனை காலுக்கு ரொம்பப் பக்கத்திலிருந்தே தூக்கிக்கொண்டால் 160 செ.மீ. பலகையில் பனியைத் தொடும் ஓரம் அவ்வளவு நீளம் இருக்காது. அடுத்து முனையைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். சுலபமாகத் திருகினால் கெட்டிப் பனியில் முனை விட்டுக்கொடுக்கும். உள்ளே டைட்டானல் என்ற அலுமினியக் கலவைத் தகடு வைத்தது திருகாது, அதிர்வையும் விழுங்கும். கனமாக இருக்கும். உங்கள் எடைக்கு இரண்டு தகடு வைத்த முரட்டுப் பலகை வேண்டாம், வளைக்க முடியாமல் தவிப்பீர்கள்.

சோதனையைக் காலையில் செய்யாதீர்கள். வாரிவிட்ட புதுச் சரிவில் எந்தப் பலகையும் நன்றாகத்தான் ஓடும். மத்தியானம், நீங்கள் விழுந்த அதே இடத்துக்குப் போங்கள். முதலில் திரும்பவே வேண்டாம். சரிவுக்குக் குறுக்காக நின்று ஓரத்தைத் தளர்த்திப் பக்கவாட்டில் ஒரு மீட்டர் வழுக்கி, மறுபடி ஓரத்தைக் கடிக்க வையுங்கள். கடித்த இடத்திலேயே நிற்கிறதா, இன்னும் அரை மீட்டர் போய் நிற்கிறதா? இதைப் பத்துத் தடவை செய்யுங்கள். பிறகு பெரிய வளைவாக நாலு, சின்ன வளைவாக எட்டு. கீழே வந்து திரும்பி உங்கள் தடத்தைப் பாருங்கள். கத்தியால் கிழித்த மாதிரி இரண்டு மெல்லிய கோடு இருந்தால் பலகை கடித்து ஓடியிருக்கிறது. துடைப்பத்தால் கூட்டிய மாதிரி அகலமாக இருந்தால் வழுக்கியிருக்கிறது. உங்கள் மனசு என்ன சொன்னாலும் தடம் பொய் சொல்லாது.

வளைவு ஆரம் பலகையிலேயே எழுதியிருக்கும். 14 மீட்டர் என்று போட்டிருந்தால், 60 டிகிரி சாய்த்தால் பாதி, அதாவது சுமார் 7 மீட்டர் வட்டத்தில் திரும்பும். உங்களுக்கு 13-லிருந்து 15-க்குள் போதும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வாங்கிக்கொண்டு மதுரை வந்தபின் சாணைச் சக்கரம் வைத்துத் தெருவில் வருபவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் கத்திக்குக் கைதேர்ந்தவர், ஆனால் அந்தச் சக்கரத்தில் இவ்வளவு மெல்லிய பட்டை ஒரு நொடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். துவைச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்து ஏற்றிய உறுதி, போன இரும்பு திரும்ப வராது. கோணம் பிடிக்கும் சின்னக் கருவியில் அரத்தை மாட்டி, கையால், ஒரே திசையில், பத்து இழுப்பு. வைரக்கல்லால் பிசிறு எடுத்தால் முடிந்தது.

வைகை வடகரை – நவம்பர் 11

நாகமலை அண்ணே எழுதியதில் பூட்ஸ் விட்டுப்போயிற்று. நீங்கள் காலைச் சாய்த்ததும் பலகை சாய வேண்டுமானால் நடுவில் இருக்கும் பூட்ஸ் இறுக்கமாக இருக்க வேண்டும். உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் முன்னால் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர், அதிகம் போனால் இரண்டு, அவ்வளவுதான் இடைவெளி இருக்கலாம். நான் ஆஸ்திரியாவின் சோல்டன் போன முதல் வருடம் சௌகரியமாக இருக்கட்டும் என்று ஒன்றரை அளவு பெரிதாக எடுத்து, ஒரு வாரம் முழுக்கப் பலகையைத் திட்டினேன்.

திருநகர் பனி – நவம்பர் 11

அண்ணே, மிக்க நன்றி. முழுவதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒரு சந்தேகம். மூன்று ஜோடியும் ஓடிய சரக்கு. கோணமும் கூர்மையும் சரி, வேறு என்ன பழுது இருக்கக்கூடும்?

நாகமலைப் பட்டறை – நவம்பர் 12

ஒரு இரும்பு ஸ்கேலை அடிப்பரப்பில் குறுக்காக வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் அடி குழிந்திருக்கிறது, ஓரம் தூக்கி நிற்கிறது. அப்படிப்பட்ட பலகை நேராகப் போகும்போதே கடித்து இழுக்கும். கல் சாணையில் சமன் செய்ய வேண்டும், செலவு. பக்கச் சுவருக்கும் இரும்புக்கும் நடுவே நகம் போகிற அளவு விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள், உள்ளே இருக்கும் மரத்தில் தண்ணீர் இறங்கியிருக்கும். இரும்புப் பட்டை எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். நிறையத் தேய்ந்திருந்தால் நீங்கள் வாங்குவது இரண்டு மூன்று பருவத்துக்கு மட்டும்தான். பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கும் பைண்டிங்கை உங்கள் எடை, உயரம், வயது, ஓட்டும் திறன், பூட்ஸ் அடி நீளம் எல்லாம் சொல்லிக் கடைக்காரரையே அமைக்கச் சொல்லுங்கள். அதில் மட்டும் நாம் கை வைக்கக் கூடாது.

திருநகர் பனி – ஜனவரி 27

அண்ணே, வந்துவிட்டேன். நடந்ததை எழுதாவிட்டால் நன்றியில்லாதவள் ஆகிவிடுவேன்.

கடையில் முதலில் நகம் வைத்துப் பார்த்தேன். 76 சீவியது. 82 காலுக்குக் கீழே மட்டும் வழுவழு. 88-ல் எங்கே வைத்தாலும் நகம் அப்படியே இருந்தது. போன வருடம் விழுந்த பலகையும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று அங்கேயே நின்றுவிட்டேன். மூன்றுக்கும் 1, 2 என்று சாணை பிடிக்கச் சொன்னேன். மாமாவுக்கு அந்தக் காசு வீண் என்று கோபம்.

பூட்ஸில் வைகை வடகரை சொன்னது அப்படியே நடந்தது. ஓட்டுக்குள் கால் விட்டால் பின்னால் இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. இத்தனை வருடம் 24.5 எடுத்துக்கொண்டிருந்தேன், இப்போது 23.5. முதல் மணி நேரம் கால் வலித்தது, பிறகு பழகிவிட்டது.

சோதனை நாள் மத்தியானம் ஒன்றரைக்கு அதே ஹவுஸ்பெர்க் சரிவு. எனக்கு ஆச்சரியம், கூர் ஏற்றிய பிறகு 88-ம் பிடித்தது. பத்துத் தடவையில் எட்டுத் தடவை வைத்த இடத்தில் நின்றது. ஆனால் சின்ன வளைவில் ஓரம் மாறுவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடுகிறது, மூன்றாவது சுற்றில் வலது முழங்காலின் உட்பக்கம் வலி ஆரம்பித்தது. 82-ல் வலி இல்லை. தடம் கீழ்ப்பாதியில் மெல்லிய கோடு, செங்குத்தான இடத்தில் மட்டும் பட்டையாக இருந்தது. 76-ல் அந்த இடத்திலும் இரண்டு கோடு. நான் திரும்பிப் பார்த்தது என் தடம்தானா என்று உறுதி செய்ய மறுபடி ஒருமுறை மேலே போய் வந்தேன். மறுபடியும் இரண்டு கோடு. அழுகை வந்துவிட்டது அண்ணே.

மூன்றாம் நாள் இரவு ஒரு சாண் புதுப் பனி விழுந்தது. 76-ல் முனை கொஞ்சம் அமிழ்ந்தது உண்மைதான், அன்று மெதுவாகப் போனேன். மத்தியானத்துக்குள் எல்லாம் தேய்ந்து பழைய சரிவாகிவிட்டது. 76-ஐ வாங்கிவிட்டேன். 161 செ.மீ., ஆரம் 14.

சென்னை வரை விமானம், அங்கிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்துக்கு அடியில் நீளவாக்கில் படுக்க வைத்துக் கொண்டுவந்தேன். இப்போது ஹாலில் சுவரோரம் நிற்கிறது. அடுத்த ஜனவரி வரை எங்கே, எப்படி வைப்பது? பரணில் போடலாமா?

நாகமலைப் பட்டறை – ஜனவரி 28

பரண் வேண்டாம் தங்கச்சி. மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே சித்திரை வெயிலில் வெந்துவிடும். கீழ் அறையில், சுவரில் தண்ணீர் ஊறாத மூலையில் நிறுத்துங்கள். இரண்டு பலகையையும் சேர்த்து இறுக்கிக் கட்டாதீர்கள், வில் வளைவு கெட்டுவிடும்.

அதற்கு முன்னால், இன்றைக்கே, உறையிலிருந்து எடுத்து ஓரத்தைத் துணியால் துடையுங்கள். பயணத்தில் ஈரத்தோடு மூடி வைத்திருந்தால் இரண்டே நாளில் செம்புள்ளி பூத்திருக்கும். இருந்தால் பயப்பட வேண்டாம், நைசான கல்லால் தேய்த்தால் போய்விடும். பிறகு அடிப்பரப்பு முழுக்க மெழுகு உருக்கித் தடவ வேண்டும், இரும்பு ஓரமும் மூடுகிற அளவு தடிமனாக. சுரண்டக் கூடாது. அப்படியே அடுத்த டிசம்பர் வரை இருக்கட்டும், காற்று படாது, துரு வராது.

ஞாயிற்றுக்கிழமை நாகமலைப் புதுக்கோட்டைக்கு எடுத்து வாருங்கள், நானே செய்து காட்டுகிறேன். மெழுகு என்னிடம் இருக்கிறது. வரும்போது நீராவி ஓட்டை இல்லாத பழைய கரண்ட் இஸ்திரிப் பெட்டி வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள். அதை அதற்கப்புறம் துணிக்குப் பயன்படுத்த முடியாது, அதனால் அம்மாவிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.